இரண்டாவது தட்டு

கனாசாவா
1998 ஜனவரி 19

உராகாமி தெத்சுரோ அவர்களுக்கு,

கடிதத்தின் தொடக்கத்தில் பருவத்தைப் பற்றி இரண்டு வரி எழுத வேண்டும் என்பது நம் மரபு. அதைத் தவிர்க்கிறேன். பனி உங்கள் ஊரிலும் பெய்கிறது, என் ஊரிலும் பெய்கிறது. நலம் விசாரிக்க அதில் ஒன்றுமில்லை.

நம் அய்கிடோ தற்காப்புக் கலைக் கூடத்தின் நாற்பதாம் ஆண்டு மலரின் அச்சுப்படி கிடைத்தது. பன்னிரண்டு ஆண்டுகளாகக் கூடத்துப் பாயை மிதிக்காதவனுக்கும் படி அனுப்பும் பெருந்தன்மைக்கு நன்றி. "பிழைகள் இருந்தால் பிப்ரவரி இருபதுக்குள் தெரிவிக்கவும்" என்று மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பிழை இருக்கிறது. பதினான்காம் பக்கம், "புதியவர்களுக்கான பாதுகாப்பு விதிகள்". கட்டுரையின் அடியில் உங்கள் பெயர். நீங்கள் எழுதியதை உங்களுக்கே படித்துக் காட்டுகிறேன்:

"கையோ தோளோ பூட்டப்பட்டவர், வலி எல்லை மீறும் முன்பே பாயை உள்ளங்கையால் தட்ட வேண்டும். தட்டு கேட்ட கணத்தில் பூட்டியவர் விட்டுவிட வேண்டும். 1986 குளிர்காலப் பயிற்சியின்போது ஒரு மூத்த உறுப்பினர் வீம்பினால் தட்டாமல் இருந்து தம் வலது தோளை இழந்தார் என்பதை அனைவரும் நினைவில் கொள்க."

பெயர் போடாததை நாகரிகம் என்று நினைத்திருப்பீர்கள். அந்தக் கூடத்தில் தோளைப் பறிகொடுத்தவன் ஒருவன்தான். த்சுயாமாவில் வீடு வீடாகப் பால் போடுகிறவருக்குக்கூட அது யாரென்று தெரியும்.

நான் தட்டினேன். அன்று காலையே, பாயில் குப்புறக் கிடந்தபடி, இவாகி ஆசிரியரிடம் சொன்னேன்: "தட்டினேன்." என் முதுகுக்குப் பின்னால் மண்டியிட்டு என் தோளைப் பூட்டியிருந்த நீங்கள் சொன்னீர்கள்: "எனக்குக் கேக்கல." ஆசிரியர் நம் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "கேக்காத தட்டு தட்டே இல்ல, ஹயாமி" என்றார். அவ்வளவுதான் விசாரணை. நான்காம் படித் தரம் உங்களுக்கு, கூடம் உங்களுக்கு, இப்போது மலரும் உங்களுக்கு.

எனக்குக் கிடைத்தது, இந்த ஊர்த் தனியார் பள்ளியில் பழைய இலக்கியம் கற்பிக்கும் வேலை. வலது கை தோளுக்கு மேலே எழுவதில்லை. கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும்தான் எழுதுகிறேன். மாணவிகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் "கீழ்ப்பாதி சார்".

நான் கேட்பது ஒன்றுதான். "வீம்பினால் தட்டாமல் இருந்து" என்பதை எடுத்துவிட்டு, "தட்டியும் விடப்படாததால்" என்று போடுங்கள். இருபதாம் தேதிக்குள் மாறவில்லையென்றால் உறுப்பினர்கள் அத்தனை பேருக்கும் தனித்தனியாக எழுதுவேன். முகவரிகளை மலரின் கடைசிப் பக்கங்களில் நீங்களே அச்சிட்டுத் தந்திருக்கிறீர்கள். தொலைபேசியில் பேச முயல வேண்டாம்.

ஹயாமி நொபுயுகி

*

த்சுயாமா
1998 ஜனவரி 26

அன்புள்ள ஹயாமி,

குளிர் உச்சத்தில் இருக்கிறது. நீ தவிர்த்தாலும் நான் எழுதுகிறேன், ஏனென்றால் குளிர்தான் இப்போது என் வேலை. நேற்று மட்டும் பதினேழு தெருக்களில் குழாய் உறைந்து வெடித்தது. நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் முப்பது ஆண்டாக இருப்பவனுக்கு ஜனவரி என்பது கையில் திருகு சாவியோடு தரையில் படுத்துக் கிடக்கும் மாதம். உன் கடிதத்தை அப்படி ஒரு பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துதான் முதலில் படித்தேன்.

எப்போதிலிருந்து நான் உனக்கு "நீங்கள்" ஆனேன்? பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் நாலு வருஷம் இருந்தோம். என் சாக்ஸை நீ போட்டுக்கொண்டு போவாய்.

வாசகத்தை மாற்ற முடியாது. கேட்காததைக் கேட்டேன் என்று எப்படி எழுதுவேன்? அன்று ஆசிரியரிடம் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன். "வீம்பு" என்ற சொல் உறுத்துகிறது என்றால் "தயக்கம்" என்று போடுகிறேன். செனோசானிடம் அச்சுப்படியைக் காட்டினேன். நினைவிருக்கிறதா, மருந்துக் கடை செனோ மிட்சுயோ, இப்போது மூன்றாம் படி, கூடத்தில் எனக்கு அடுத்த பொறுப்பு. படித்துவிட்டு அவர் சொன்னார்: "வீம்புன்னு போட்டா ஹயாமிசான் சண்டைக்கு வருவாரு. தயக்கம்னு போட்டா ஆளையே அடிப்பாரு." சிரித்தோம். கோபித்துக்கொள்ளாதே.

இன்னொன்று. எல்லாருக்கும் எழுதுவேன் என்கிறாய். எழுதுவதற்கு முன் ஒன்றை நினைத்துப் பார். நமக்குள் ஒரு குறி இருந்தது. 1964 கோடை முகாமில் நாம் இருவரும் ஏற்படுத்திக்கொண்டது. ஒரு தட்டு என்றால் "இன்னும்". இரண்டு தட்டு என்றால் "போதும்". மற்றவர்கள் தோள் இறுகியதுமே தட்டுவார்கள், நாம் அதற்கு மேலும் நீட்டிப் பார்ப்போம், அதில் நமக்கு ஒரு பெருமை. இவாகி ஆசிரியர் அதை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டார். "பாய் எல்லாருக்கும் பொது. அதுமேல உங்க ரெண்டு பேருக்கு மட்டும் ஒரு பாஷை வேண்டாம். ஒரு தட்டுன்னாலும் விடணும்" என்றார். இருவரும் அவர் முன்னால் தலை குனிந்து சத்தியம் செய்தோம். அடுத்த வாரமே மீறினோம். இந்தக் கதை வெளியே வந்தால் உனக்கு மட்டும் அல்ல, எனக்கும் அசிங்கம்.

தோள் எப்படி இருக்கிறது?

உராகாமி

*

கனாசாவா
1998 பிப்ரவரி 1

உராகாமி,

"நீ" வேண்டுமென்றால் வைத்துக்கொள். சொல்லில் சிக்கனம்.

தோள் எப்படி இருக்கிறது என்று பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு கேட்கிறாய். அது இருக்கும் இடத்தில் இருக்கிறது. "தயக்கம்" வேண்டாம். நாற்பத்தொரு வயதில் நான் எதற்கும் தயங்கவில்லை. செனோசானுக்கு என் குணம் நன்றாக நினைவிருக்கிறது என்று சொல்.

குறியைக் காட்டி என்னை மிரட்டலாம் என்று நினைத்தாயானால் தப்பு. கூடத்தின் விதி என்ன? ஒரு தட்டு என்றாலும் விட வேண்டும். ஆசிரியர் வாயாலேயே நீ எழுதியிருக்கிறாய். நான் தட்டினேன். விதிப்படி அதோடு முடிந்தது. அதற்கு மேல் பூட்டிய கை குற்றவாளி. நமக்குள் இருந்த பழைய விளையாட்டு இதில் எங்கே வருகிறது?

தட்டுவதைப் பற்றி உனக்குப் பாடம் நடத்தும் தகுதி எனக்கு இருக்கிறது. நீ அறியாத செய்தி ஒன்று: மூன்று ஆண்டுகளாக எங்கள் பள்ளியில் அய்கிடோ குழுவுக்கு நான்தான் பொறுப்பு. நானாக விரும்பி ஏற்கவில்லை. தலைமையாசிரியர் என் பழைய சான்றிதழை எங்கோ கோப்பில் பார்த்துவிட்டு, "படி வாங்கின ஆளு ஒருத்தர் இருக்கறப்ப வெளியாளை எதுக்குக் கூப்பிடணும்?" என்றார். கோட்டைக் கழற்றாமல், ஒற்றைக் கையால் சொல்லிக் கொடுக்கிறேன். முதல் இரண்டு மாதம் விழுவதும் தட்டுவதும் மட்டும்தான். பன்னிரண்டு மாணவிகள் வரிசையாகக் குப்புறப் படுத்துத் தட்டுவார்கள். நான் கூடத்தின் மறு மூலையில், சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, தெருவின் இரைச்சலுக்கு நடுவே நிற்பேன்.

"கேக்கல!"

"சார், கை சிவந்துடுச்சு சார்!"

"சிவக்கட்டும். கேக்கல."

"எப்ப சார் நாங்க ஒருத்தரையொருத்தர் தூக்கி எறிவோம்?"

"நீ தட்டறது ரோட்டுல போற பஸ் டிரைவருக்குக் கேக்கறப்ப."

முதலாண்டில் நான்கு பேர் நின்றுவிட்டார்கள். மிச்சமிருப்பவர்களில் ஒருவருக்கும் இதுவரை சுண்டுவிரல்கூடப் பிசகவில்லை. உன் கூடத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா? எறிவது கலை என்று நினைக்கிறவர்கள் எறியட்டும். தன் கையை இன்னொருவனிடம் நம்பிக் கொடுப்பவனே பாதிக் கலையைச் செய்துவிடுகிறான். அதைத் திருப்பிக் கொடுப்பது மிச்சப் பாதி. நீ அந்த மிச்சத்தைச் செய்யவில்லை. அதை அச்சில் ஒப்புக்கொள்.

இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.

ஹயாமி

*

த்சுயாமா
1998 பிப்ரவரி 4

ஹயாமி,

ஒரே கேள்வி.

"தட்டினேன், தட்டினேன்" என்று இரண்டு கடிதத்திலும் எழுதுகிறாய். எத்தனை தடவை?

உராகாமி

*

கனாசாவா
1998 பிப்ரவரி 8

உராகாமி,

எண்ணிக்கை கேட்க உனக்கு என்ன உரிமை இருக்கிறது? கேட்கவே இல்லை என்று சொன்னவனுக்கு எத்தனை என்பதில் என்ன அக்கறை? செவிடன் பாட்டில் தாளம் பிசகியது என்று சொல்வது போல் இருக்கிறது.

நீ எண்ண வேண்டியவை வேறு. நான் சொல்கிறேன், எண்ணு.

மருத்துவமனைக்கு நீ ஒன்பதாம் நாள் வந்தாய். ஒன்பதாம் நாள். கையில் ஒரு முலாம்பழம், பெட்டியில் வைத்து, ரிப்பன் கட்டியது. "எப்படிடா இருக்க?" என்றாய். உன் கண் என் முகத்தில் இல்லை, கட்டில் கம்பியில் இருந்தது. நீ போனதும் அந்தப் பழத்தைப் பக்கத்துக் கட்டிலில் இருந்த லாரி ஓட்டுநருக்குக் கொடுத்தேன். அவர் தின்றுவிட்டு, "உங்க கூட்டாளி நல்ல பழமாத்தான் பாத்து வாங்கியிருக்காரு" என்றார். அந்த வாக்கியம் இன்னும் என் பல்லிடுக்கில் இருக்கிறது.

அறுவை சிகிச்சை முடிந்து மே மாதம் கூடத்துக்கு வந்தேன். படியேறி உள்ளே வரவில்லை, வாசலில் நின்று பார்த்தேன். சுவரில் உறுப்பினர் பெயர்ப் பலகைகள் தொங்குமே, அதில் என் பலகையைப் பின்பக்கம் திருப்பி மாட்டியிருந்தார்கள், நீண்ட விடுப்பில் போனவனுக்குச் செய்வது போல. நான் யாரிடமும் விடுப்புக் கேட்கவில்லை. அதைத் திருப்பியது யார் கை?

மூன்று ஆண்டுக்கு முன் இவாகி ஆசிரியரின் இறுதிச் சடங்கு. இரவு முழுக்க ரயிலில் வந்தேன். எனக்கு ஒதுக்கிய இடம் மூன்றாவது வரிசை, ஒரு தூணுக்குப் பின்னால். எனக்கு முன் வரிசையில், இரண்டே ஆண்டு பயின்றவர்கள் இருந்தார்கள். நீ முதல் வரிசையில், குடும்பத்தாரோடு. தூபம் போட எழுந்தபோது என் வலது கை பாதி வழியிலேயே நின்றது, இடது கையால் போட்டேன். பின்னால் ஒருவன் கிசுகிசுத்தது காதில் விழுந்தது: "இவருதான், தட்டாம இருந்தாரே, அவரு."

அப்படித்தான் என்னைத் தெரியும் அந்த ஊருக்கு. தட்டாம இருந்தாரே, அவரு. இப்போது அதையே அச்சில் ஏற்றி, இனி வரும் பிள்ளைகளுக்கும் பாடமாக வைக்கிறாய்.

தட்டினேன். அது போதும்.

ஹயாமி

*

த்சுயாமா
1998 பிப்ரவரி 11

அன்புள்ள ஹயாமி,

இன்று விடுமுறை. காலையிலிருந்து நாலு தாள் எழுதிக் கிழித்தாகிவிட்டது. நீ மொழி வாத்தியார், உனக்கு எழுத்து வரும். நான் குழாய்க்காரன். நேராகச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கேட்டது.

முதல் தட்டு கேட்டது. நம் குறிப்படி அது "இன்னும்". உன் கையை என் மார்போடு அணைத்து, இன்னும் கொஞ்சம் சாய்ந்தேன். உடனேயே அடுத்த தட்டு கேட்டது. இரண்டு. அப்படியென்றால் "போதும்". அது எனக்குத் தெரியும், ஹயாமி. என் உடம்புக்கே தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அந்த இரண்டாவது தட்டில் என் கை தானாக விட்டிருக்கிறது. அன்று விடவில்லை. ஒரு மூச்சு நேரம். இழுத்து விடும் ஒரே ஒரு மூச்சு.

அந்த ஒரு மூச்சில் எனக்குள் என்ன இருந்தது என்பதையும் சொல்கிறேன். முந்தின அக்டோபரில் என் நான்காம் படித் தேர்வு. என்னிடம் விழுவதற்கு நீயே நின்றாய். நின்றாய், விழவில்லை. கட்டை மாதிரி இறுகி நின்றாய். நான் திருப்பித் திருப்பி முயன்றேன். வெளியூரிலிருந்து வந்த மூன்று தேர்வாளர்கள் முன்னால் இவாகி ஆசிரியர் கேட்டார்: "உராகாமி, மனுஷனை எறியறியா, இல்ல மரம் வெட்டறியா?" எல்லாரும் சிரித்தார்கள். அந்தத் தேர்வில் நான் தோற்றேன். அடுத்த ஆண்டு, நீ போன பிறகுதான் தேறினேன். அன்று சிரித்தவர்களில் நீயும் இருந்தாய். வாயைத் திறக்காமல், மூக்கால்.

ஜனவரியில், குளிர்காலப் பயிற்சியின் நாலாம் நாள் விடியற்காலையில், உன் தோள் என் கைக்குள் இருந்தபோது அந்தச் சிரிப்பு காதில் கேட்டது. அந்த ஒரு மூச்சு அதற்காகத்தான். பிறகு பச்சைக் கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். ஆசிரியர் ஓடி வந்து கேட்டபோது என் வாய் தானாகச் சொன்னது: "எனக்குக் கேக்கல." சொன்ன பிறகு அதை எப்படித் திரும்பப் பெறுவது என்று தெரியவில்லை. ஒன்பது நாள் யோசித்தேன். பிறகு முலாம்பழம் வாங்கினேன்.

பலகையைத் திருப்பியது என் கைதான்.

அன்றிலிருந்து நான் யாரையும் முழுதாகப் பூட்டியதில்லை. கூடத்தில் எந்த மூலையில் யார் தட்டினாலும் என் கை விட்டுவிடுகிறது, நான் பிடித்திருப்பவர் தட்டாவிட்டாலும். செனோசான் கேலி செய்வார்: "உராகாமிசான்கிட்ட கையக் குடுத்தா கை பிடிச்சு விட்ட மாதிரி இருக்கு, வலியெல்லாம் போயிடுது." மாணவர்கள் வேறு கூடத்துக்குப் போய்ப் பயிற்சி செய்துவிட்டு வந்து, "அங்க நிஜமாவே வலிக்குது சார்" என்று ஆச்சரியப்படுகிறார்கள். பூட்டத் தெரியாத வாத்தியார் நான். விடுவது எப்படி என்று பதினான்காம் பக்கத்தில் விதி எழுதுகிறேன்.

மலருக்குப் புது வாசகம் இதோ:

"1986 குளிர்காலப் பயிற்சியின்போது ஹயாமி நொபுயுகி இரண்டு முறை தட்டினார். நான் அதைக் கேட்டும் விடவில்லை. அவருடைய தோள் போனது. ஆசிரியரிடம் பொய் சொன்னேன். – உராகாமி தெத்சுரோ."

இருபதாம் தேதி அச்சகத்துக்குப் போகும். மார்ச் மாதம் பொறுப்பைச் செனோசானிடம் ஒப்படைத்துவிடுவேன். இனிப் பாயில் நிற்க மாட்டேன். மனைவியிடம் நேற்று சாப்பிடும்போது சொன்னேன். "பன்னெண்டு வருஷம் இத வச்சுக்கிட்டா என்னை ஜன்னல் சரியா சாத்தலன்னு திட்டிட்டிருந்தீங்க?" என்றாள். பிறகு, "சூப் ஆறுது, குடிங்க" என்றாள்.

எண்ணிக்கை கேட்டதற்கு மன்னித்துக்கொள். நீ "ஒன்று" என்று எழுதிவிட மாட்டாயா, நான் தப்பித்துக்கொள்ள மாட்டேனா என்று ஒரு நப்பாசை.

உராகாமி

*

கனாசாவா
1998 பிப்ரவரி 14

உராகாமி,

கடிதமும் திருத்திய வாசகமும் கிடைத்தன. வாசகம் போதுமானது.

இரண்டு குறிப்புகள். "கேட்டும் விடவில்லை" என்பதற்கு நடுவே "வேண்டுமென்றே" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் கவனக்குறைவு என்று வாசிக்க இடமிருக்கிறது. "தோள் போனது" என்பது பேச்சுமொழி. "தோள் நிரந்தரமாகச் செயலிழந்தது" என்று எழுது.

பொறுப்பிலிருந்து விலகுவது உன் விருப்பம். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

அச்சான மலர் இரண்டு படிகள் அனுப்பவும்.

ஹயாமி

*

கனாசாவா
1998 பிப்ரவரி 17
விரைவு அஞ்சல்

உராகாமி,

இந்த உறை உன் கைக்கு வந்ததும், வேறெதுவும் செய்வதற்கு முன் அச்சகத்துக்குத் தொலைபேசி செய். பதினான்காம் பக்கத்தை நிறுத்து. சனிக்கிழமை நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடு.

நான் ஒரு முறைதான் தட்டினேன்.

இரண்டாவது தட்டு என்னுடையது அல்ல. செனோசானுடையது. என் இடது கன்னம் பாயில் அழுந்தியிருந்தது, முகம் பக்கத்துப் பாயில் இருந்த ஜோடியின் பக்கம். தபால்காரர் கதாவோகா அவரைப் பூட்டியிருந்தார். ஒரு கை தூரத்தில் செனோசானின் உள்ளங்கை பாயில் விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். கதாவோகா உடனே விட்டார். செனோசான் எழுந்து மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் என் தோள் ஒடிந்தது. இந்த வரிசை எனக்கு அன்றும் தெரியும், இன்றும் தெரியும். உனக்குத் தெரிய வழியில்லை. நீ என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

என்னுடைய ஒரு தட்டு, நீ புரிந்துகொண்டபடியே, "இன்னும்" என்பதுதான். வலித்தது. நன்றாகவே வலித்தது. "இவ்வளவுதானா உன்னால முடிஞ்சது? இன்னும் சாய், பாக்கலாம்" என்று உன்னைச் சீண்டத்தான் தட்டினேன். அக்டோபர் தேர்வில் விழாமல் நின்றதும் அதற்குத்தான். நான் விழுந்தால்தான் நீ தேறுவாய் என்ற நிலை எனக்குப் பிடித்திருந்தது. அதை விட்டுக்கொடுக்க மனமில்லை. இரண்டாவது முறை தட்டும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை. நீ இன்னும் பத்து மூச்சு பூட்டியிருந்தாலும் தட்டியிருக்க மாட்டேன்.

ஆசிரியரிடம் "தட்டினேன்" என்று சொன்னது கூடத்தின் விதிப்படி உண்மை. பன்னிரண்டு ஆண்டு அந்த உண்மையின் மேல் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன். இலக்கணம் படித்தவன், எண்ணிக்கையைச் சொல்லாமல் வாக்கியம் அமைப்பது எனக்குக் கடினமில்லை. நீ நான்காம் தேதி கேட்டாயே, அந்த ஒரு வரிக் கேள்விக்கு நான் மூன்று பக்கம் பதில் எழுதினேன். அப்போதே நீ கண்டுபிடித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தபோது எனக்கு நன்றாகவே இருந்தது. அதை மறைக்கவில்லை. வழியில் ஒரு கடையில் நுழைந்து, விலாங்கு மீன் வைத்த சோறு வாங்கித் தின்றேன். நேற்று, திங்கட்கிழமை, குழுப் பயிற்சி. பன்னிரண்டு மாணவிகள், ஆறு ஜோடி. முதல் முறையாகத் தோள் பூட்டு சொல்லிக் கொடுத்தேன். நடுப்பாயில் இருந்தவள் தட்டினாள். அவளைப் பூட்டியவள் விட்டாள். கூடவே, சன்னலோரத்தில் இன்னொருத்தியும் தன் ஜோடியை விட்டுவிட்டாள்.

"ஏய், நான் இன்னும் தட்டவே இல்லடி!"

"தட்டினியே, கேட்டுச்சே!"

"அது இவ தட்டினது!"

"யாரு தட்டினா எனக்கென்ன தெரியும்? என் பின்னாடி என்ன கண்ணா இருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி என் பக்கம் திரும்பி, "சார், வேற யாராவது தட்டினாலும் விட்டுடலாமா?" என்று கேட்டாள். "விடு. யார் தட்டினாலும் விடு. அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். பாய்களைச் சுருட்டி அடுக்கச் சொல்லிவிட்டு ஆசிரியர் அறைக்குப் போனேன். கோட்டோடு உட்கார்ந்திருந்தேன். நீ பன்னிரண்டு ஆண்டாகச் செய்துகொண்டிருப்பதைத்தான் அவள் செய்தாள். பன்னிரண்டு ஆண்டாக நீ சுமந்துகொண்டிருப்பது நான் தட்டாத ஒரு தட்டு. அது தெரிந்திருந்தும், "வேண்டுமென்றே" என்று சேர்க்கச் சொல்லி உனக்கு எழுதினேன்.

தவறாக எடுத்துக்கொள்ளாதே. உன்னை நான் மன்னித்துவிடவில்லை. "போதும்" என்று நான் சொன்னதாக நினைத்துக்கொண்டு நீ ஒரு மூச்சு அழுத்தினாய். நான் சொல்லவில்லை என்பதால் அந்த மூச்சு இல்லாமல் போய்விடாது. ஆசிரியரிடம் சொன்ன பொய்யும் அப்படியே இருக்கிறது. மூன்றாவது வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்ததற்கும் என்னிடம் கணக்கு இருக்கிறது. அவற்றை வேறொரு கடிதத்தில் பேசுவோம். ஆனால் என் கை செய்யாததை என் பேரில் அச்சில் ஏற்ற விடமாட்டேன். நான் வெல்வதாயிருந்தாலும் என் கையால் வெல்ல வேண்டும், செனோசானின் கையால் அல்ல.

பொறுப்பை விடக் கூடாது. பயந்த கையோடு ஒதுங்கிக்கொண்டால் அது தண்டனை ஆகாது, விடுமுறை. மார்ச் எட்டாம் தேதி, ஞாயிறு, காலை ரயிலில் வருகிறேன். பயிற்சி உடையை நேற்றே பெட்டியிலிருந்து எடுத்தாயிற்று. இடுப்புக் கயிற்றை இடது கையாலேயே கட்டிப் பார்த்தேன். அரை மணி நேரம் பிடித்தது, ஆனால் நின்றது. அங்கே வந்தபின் யாரும் உதவிக்கு வர வேண்டாம். எல்லார் முன்னாலும் என் இடது கையை நீ பூட்ட வேண்டும். கை பிடித்துவிடுகிற மாதிரி அல்ல, ஒழுங்காக, எல்லை வரை. ஒரே ஒரு முறை தட்டுவேன். நீ விட வேண்டும். பக்கத்தில் வேறு யார் தட்டினாலும் அன்றைக்கு விடாதே. என் தட்டை மட்டும் கேள். இதைச் செய்ய முடியாதவன் புதியவர்களுக்குப் பாதுகாப்பு விதி எழுதக் கூடாது.

அச்சகத்துக்கான வாசகம் கீழே இருக்கிறது. "வீம்பு" என்ற சொல்லை எடுக்கச் சொல்லித்தான் உனக்கு முதல் கடிதம் எழுதினேன். இப்போது நானே அதைத் திரும்ப வைக்கிறேன். ஒரு எழுத்தையும் மாற்றாதே.

"1986 குளிர்காலப் பயிற்சியின்போது இரண்டு மூத்த உறுப்பினர்கள், ஆசிரியர் தடுத்த பிறகும், தங்களுக்குள் ஒரு தனிக் குறி வைத்திருந்தார்கள். ஒரு தட்டு என்றால் அவர்களுக்கு 'இன்னும்' என்று பொருள். பூட்டப்பட்டவர் வீம்பினால் ஒரு முறை தட்டினார். அதே நேரம் பக்கத்துப் பாயில் இன்னொருவர் தட்டினார். பூட்டியவர் அதை 'போதும்' என்று கேட்டும் ஒரு மூச்சு விடாமல் இருந்தார். தோள் போனது. இருவருமே ஆசிரியரிடம் முழு உண்மையைச் சொல்லவில்லை. ஒரு தட்டு என்றாலும், யாருடைய தட்டு என்றாலும், விட்டுவிடுங்கள்."

"தோள் போனது" பேச்சுமொழிதான். இருக்கட்டும், அப்படித்தான் போனது.

அடியில் இரண்டு பேர் பெயரும் வர வேண்டும். என் பெயர் முதலில். கூடத்தின் பதிவேட்டைப் பார், உனக்கு ஒரு வாரம் முன்பே நான் சேர்ந்தவன்.

ஹயாமி நொபுயுகி